பீரங்கிச் சத்தமும் சாப்பாட்டு மேசையும்

கேள்வி: 1968இல் வந்த ‘ட்ரோபிகாலியா’ என்ற பிரேசில் கூட்டு ஆல்பத்தை எல்லோரும் அரசியல் ஆல்பம் என்கிறார்கள். பாடல் வரிகளின் மொழிபெயர்ப்பைத் தேடிப் படித்தேன். ராணுவ ஆட்சியைத் திட்டி ஒரு வரிகூட இல்லை. மார்கரின், நீச்சல்குளம், பேட்மேன் என்று போகிறது. இதில் அரசியல் எங்கே இருக்கிறது? இதைப் பாடியவர்களை ஏன் சிறையில் போட்டார்கள்?

பதில்:

நியாயமான கேள்வி. இதையே 1968இல் பிரேசில் மாணவர்கள் கேட்டார்கள், அதுவும் கோபமாக. வரிகளை மட்டும் காகிதத்தில் படித்தால் பாதிதான் கையில் கிடைக்கும். மீதி, பாட்டுக்குப் பின்னால் என்ன ஒலிக்கிறது, எதற்குப் பக்கத்தில் எதை வைத்தார்கள் என்பதில் இருக்கிறது. அதனால் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இதைப் படியுங்கள்.

முதல் பாட்டு ‘மிசெரேரே நோபிஸ்’. தேவாலய ஆர்கனோடு தொடங்கும். பூசை ஆரம்பிக்கப் போகிறது என்றுதான் தோன்றும். தலைப்பே “எங்கள்மேல் இரக்கம் வையும்” என்ற லத்தீன் மன்றாட்டு. எழுதியவர் கபினாம் என்ற பாஹியா மாநிலக் கவிஞர்; இசையமைத்துப் பாடியவர் ஜில்பெர்த்தோ ஜில். வாயை மூடிக்கொண்டு, மெலிந்துபோய், சாப்பாட்டுக்குக் காத்துக்கிடந்த பழைய ஆட்கள் இல்லை நாங்கள் என்கிறது பாட்டு. மேசை விரிப்பில் ஒயின் கொட்டுகிறது, கூடவே ரத்தக்கறையும். பாட்டு முடியும் இடத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி எழுத்துக்கூட்டிச் சொல்ல ஆரம்பிக்கிறார்கள். முதலில் ‘பிரஸீல்’, அதாவது நாட்டின் பெயர். அடுத்து ‘ஃபுஸீல்’. அது துப்பாக்கி. இரண்டு சொல்லுக்கும் வால் ஒன்றுதான். மூன்றாவதாகக் கூட்டும் சொல் பீரங்கி. “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்று முடித்ததும் நிஜமாகவே பீரங்கி வெடிக்கிற சத்தம் வருகிறது. ஜெபமும் அரிச்சுவடியும் துப்பாக்கியும் ஒரே மூச்சில். ஆட்சியைத் திட்டி ஒரு வரியும் இல்லை என்றீர்கள், சரிதான். ஆனால் அந்த எழுத்துக்கூட்டலை 1968இல் பிரேசிலில் கேட்ட யாருக்கும் விளக்கவுரை தேவைப்பட்டிருக்காது.

காலத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1964 மார்ச் கடைசியில், ஏப்ரல் முதல் நாளில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அமெரிக்காவின் ஆதரவோடு நடந்த கவிழ்ப்பு அது. 1968இல் அதிபர் நாற்காலியில் இருந்தவர் மார்ஷல் ஆர்தூர் டா கோஸ்டா இ சில்வா. அந்த வருடம் மார்ச் 28 அன்று ரியோ டி ஜெனிரோவில் மாணவர் உணவகம் ஒன்றில் புகுந்த போலீஸ், எட்சன் லூயிஸ் என்ற மாணவனைச் சுட்டுக் கொன்றது. நாடு கொதித்தது. ஜூன் 26 அன்று ரியோ தெருக்களில் ஒரு லட்சம் பேர் ஊர்வலம் போனார்கள். இந்த ஆல்பத்தின் முக்கியப் பாடகர்களான கயெட்டானோ வெலோஸோவும் ஜிலும் அந்தக் கூட்டத்தில் நடந்தவர்கள். ஆல்பம் மே மாதம் சாவோ பாவ்லோவில் பதிவாகி, வருட நடுவில் பிலிப்ஸ் நிறுவனம் வழியாகக் கடைக்கு வந்தது. அதன் முழுப்பெயர் ‘ட்ரோபிகாலியா, அல்லது பானிஸ் எட் சிர்சென்சிஸ்’. ரொட்டியும் வேடிக்கையும் கொடுத்தால் மக்கள் அடங்கிக் கிடப்பார்கள் என்று பழைய ரோமாபுரிக் கவிஞர் ஜுவெனல் எழுதிய தொடர்தான் அது. இசைத்தட்டின் அட்டையில் லத்தீன் எழுத்துப்பிழையோடுதான் அச்சாகியிருக்கிறது.

இனி ஆட்கள். கயெட்டானோ, ஜில், பாடகி கால் கோஸ்டா, டோம் ஸே நால்வரும் பாஹியாக்காரர்கள். வடகிழக்கிலிருந்து பிழைக்கவும் பாடவும் தெற்கே வந்தவர்கள். பாடலாசிரியர் டோர்குவாட்டோ நெட்டோ அதே வடகிழக்கில் பியாவி மாநிலத்துக்காரர். ரீட்டா லீ, அர்னால்டோ பப்திஸ்தா, செர்ஜியோ டியாஸ் மூவரும் சாவோ பாவ்லோ பிள்ளைகள். ‘ஓஸ் முட்டாந்திஸ்’ என்ற ராக் குழு. வயதில் மிகச் சின்னவர்கள். பாடகி நாரா லெயாவ், ரியோவில் சம்பாவிலிருந்து பிறந்த போசா நோவா என்ற மென்மையான இசையின் உலகத்தில் வளர்ந்தவர். 1964 கவிழ்ப்புக்குப் பிறகு எதிர்ப்புப் பாடல்களின் முகமாக ஆனவர். இவர்கள் அத்தனை பேரையும் ஒரே தட்டில் கோத்தவர் ரோஜேரியோ டுப்ராட். இசைக்கோர்ப்பு முழுக்க அவர் கைவேலை. ஐரோப்பாவின் நவீன இசையைப் படித்துவிட்டு வந்த சாஸ்திரிய இசைக்காரர், ராக் பையன்களோடு உட்கார்ந்து வேலை பார்த்தார். அந்தக் காலத்தில் அதுவே பெரிய மீறல்.

ஏன் மீறல் என்றால், எலக்ட்ரிக் கிட்டார் அன்றைக்கு அரசியல் சாமான். கவிழ்ப்புக்குப் பின்னால் அமெரிக்கா நின்றது என்று கோபத்தில் இருந்த இடதுசாரி மாணவர்களுக்கு, மின்கிட்டார் என்றால் ஏகாதிபத்தியத்தின் குரல். நல்ல பாட்டு என்றால் சம்பா தாளம், மரக் கிட்டார், விவசாயியின் துயரம் என்று ஒரு இலக்கணம் வைத்திருந்தார்கள். 1967 ஜூலை 17 அன்று சாவோ பாவ்லோவில் மின்கிட்டாருக்கு எதிராக ஊர்வலமே நடந்தது. முன்வரிசையில் பெரிய பாடகி எலிஸ் ரெஜினா, கூடவே நம்ம ஜில். கயெட்டானோவும் நாராவும் ஓட்டல் ஜன்னலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருவருக்கும் அது துளியும் பிடிக்கவில்லை. மூன்று மாதம்தான். அக்டோபரில் டிவி ரெக்கார்ட் சேனல் நடத்திய பாட்டுப் போட்டியில் அதே ஜில், முட்டாந்திஸ் குழுவின் மின்கிட்டாரையும் டுப்ராட்டின் ஆர்கெஸ்ட்ராவையும் பாஹியாவின் பெரிம்பாவ் என்ற ஒற்றைக் கம்பி வில்வாத்தியத்தையும் ஒன்றாக மேடையேற்றி இரண்டாம் பரிசு வாங்கினார். கயெட்டானோ அர்ஜென்டினா ராக் குழு ஒன்றோடு பாடி நான்காவதாக வந்தார். ஜில் அந்த வருடம் வடகிழக்கில் பெர்நாம்புகோ பக்கம் போய், கருவாரு ஊரின் குழல் வாத்தியக் குழுவைக் கேட்டுவிட்டு வந்திருந்தார். பீட்டில்ஸையும் அந்தக் கிராமத்துக் குழல்காரர்களையும் ஏன் ஒரே பாட்டில் வைக்கக் கூடாது என்பதுதான் அவரைப் பிடித்து ஆட்டிய எண்ணம்.

இந்த எண்ணத்துக்குப் பிரேசிலில் நாற்பது வருடப் பழைய வேர் உண்டு. 1928இல் ஓஸ்வால்ட் டி அன்ட்ராடி என்ற எழுத்தாளர் ‘நரமாமிச அறிக்கை’ ஒன்று எழுதினார். அந்நியச் சரக்கைக் கண்டு ஓடவும் வேண்டாம், கும்பிடவும் வேண்டாம். அந்தக் காலத்தில் ‘துப்பி’ என்ற பழங்குடி மக்கள் எதிரியைத் தின்றதைப்போல அதைத் தின்று செரித்து நம் சதையாக்கிக்கொள்வோம் என்பது அதன் சாரம். ட்ரோபிகாலியாக்காரர்கள் இதை உயிராகப் பிடித்துக்கொண்டார்கள். ‘ட்ரோபிகாலியா’ என்ற பெயர்கூட ஓவியர் எலியோ ஓய்டிசிக்கா 1967இல் ரியோ நவீனக் கலை அருங்காட்சியகத்தில் வைத்த ஒரு படைப்பின் பெயர். மணல், செடிகள், கிளிகள், குடிசை மாதிரி அறைகள், உள்ளே போனால் கடைசியில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு டிவி பெட்டி.

ஆல்பத்தின் அட்டைப்படத்தையும் நன்றாகப் பாருங்கள். பணக்காரக் குடும்பம் எடுத்துக்கொள்ளும் குரூப் போட்டோ மாதிரி வரிசையாக நிற்கிறார்கள், உட்கார்ந்திருக்கிறார்கள். டுப்ராட் கையில் தேநீர்க் கோப்பைபோல் பிடித்திருப்பது, உற்றுப் பார்த்தால், படுக்கைக்கு அடியில் வைக்கும் மூத்திரச் சட்டி. டோம் ஸே கையில் தோல் பை. வடகிழக்கிலிருந்து பஸ் ஏறி வந்து இறங்கியவன் பை. படப்பிடிப்புக்கு வர முடியாத இருவரை விட்டுவிடவில்லை. கபினாமின் பட்டமளிப்புப் புகைப்படம் கீழே உட்கார்ந்திருக்கும் ஜில் கையிலும், நாராவின் படம் கயெட்டானோ கையிலும் இருக்கின்றன. எனக்கு இந்த ஆல்பத்திலேயே மிகவும் பிடித்த விஷயம் இதுதான். ஆளுக்கொரு தட்டு போட்டு ஆளுக்கொரு பெயர் எடுத்திருக்கலாம். இவர்கள் வராதவர்களையும் கையில் ஏந்திக்கொண்டு ஒரே படத்தில் நின்றார்கள்.

சரி, மார்கரினுக்கு வருவோம். அது ‘பேபி’ பாட்டில் வருகிறது. கயெட்டானோ எழுதி கால் கோஸ்டா பாடியது. நீச்சல்குளம் தெரிந்திருக்க வேண்டும், மார்கரின் தெரிந்திருக்க வேண்டும், பெட்ரோல் தெரிந்திருக்க வேண்டும், இங்கிலீஷ் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒரு பெண் இதமாகச் சொல்லிக்கொண்டே போகிறாள். கேலிதான் என்று முடிவுகட்டத் தோன்றும். ஆனால் கால் கோஸ்டாவின் குரலில் கேலி கிடையாது. அந்தக் குரலில் இருக்கும் ஆசை நிஜம். விளம்பரம் விற்கும் உலகத்தை அவள் உண்மையாகவே விரும்புகிறாள். நமக்கும் அவளைப் பிடித்துப்போகிறது. ராணுவம் விற்ற கனவும் அதே நவீனக் கனவுதானே? அது ஏன் எடுபட்டது என்பது எந்த முழக்கப் பாட்டையும்விட இந்தக் காதல் பாட்டில்தான் எனக்குப் புரிந்தது. இதே ஆல்பத்தில் டோம் ஸே எழுதிய ‘தொழிற்பேட்டை’ பாட்டு இருக்கிறது. அது வெளிப்படையான நையாண்டி. திருவிழா பேண்டு வாத்தியம் முழங்க, சூடுபண்ணினால் போதும் உபயோகிக்கலாம், எல்லாம் பிரேசிலில் செய்தது என்று கோரஸ் கூவுகிறது. சிரிப்புகூடப் புட்டியில் அடைத்து வருகிற பண்டம்.

முட்டாந்திஸ் பாடும் ‘பானிஸ் எட் சிர்சென்சஸ்’தான் ஆல்பத்தின் நெஞ்சு. சூரியன் வெளிச்சமாக ஒரு பாட்டைப் பாட ஆசைப்பட்டேன், காற்றில் கப்பல் பாய்களை அவிழ்த்துவிட்டேன், புலிகளையும் சிங்கங்களையும் கொல்லையில் திறந்துவிட்டேன் என்று பாட்டு என்னென்னவோ செய்துபார்க்கிறது. ஒவ்வொரு முறையும் பதில் ஒன்றே: சாப்பாட்டு அறையில் இருப்பவர்கள் பிறப்பதிலும் சாவதிலும் மும்முரமாக இருக்கிறார்கள். நடுவில் திடீரென்று சுருதி இறங்கி, இழுத்து, பாட்டு நின்றே போகும். பிளேயர் பிளக்கை யாரோ பிடுங்கிவிட்டதுபோல். முதல் தடவை கேட்டபோது என் மெஷின்தான் போய்விட்டது என்று எழுந்து போய்ப் பார்த்தேன். 1968இல் தட்டு வாங்கியவர்களும் அப்படி எழுந்து போயிருப்பார்கள். ஒரு நொடி மௌனத்துக்குப் பிறகு பாட்டு மறுபடி பிடித்துக்கொண்டு வேகம் கூடிக்கொண்டே போய், கடைசியில் ஒரு வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வந்து விழுகிறது. தட்டு, கரண்டிச் சத்தம். யாரோ ரொட்டியை இந்தப் பக்கம் தள்ளச் சொல்கிறார்கள். பின்னால் ‘நீல டான்யூப்’ வால்ட்ஸ் ஒலிக்கிறது. தெருவில் மாணவன் சுட்டுக் கொல்லப்பட்ட வருடம் அது. அந்தச் சாப்பாட்டு அறையில் யாரும் தலை நிமிரவில்லை. ஆட்சியாளர்களை விட்டுவிட்டு, அவர்களைச் சகித்துக்கொண்டு சாப்பிடுகிறவர்கள் பக்கம் விரல் நீட்டியது இந்தப் பாட்டு. இதைவிடக் கூர்மையான அரசியல் பாட்டை நான் அதிகம் கேட்டதில்லை.

அடுத்தது நாரா லெயாவ் பாடும் ‘லிந்தோநேயா’. ரூபென்ஸ் கெர்ஷ்மன் 1966இல் வரைந்த ஓவியம் ஒன்றிலிருந்து பிறந்த பாட்டு. புறநகரின் ஏழைப்பெண் ஒருத்தியின் முகம், பேப்பரில் வரும் சாவுச் செய்திபோல் தலைப்பு. நாராதான் இதை வைத்துப் பாட்டு எழுதித் தரச் சொன்னார். இனிமையான பொலேரோ மெட்டு, அழுகை இல்லாத அடங்கிய குரல். பாட்டில் அந்தப் பெயரோடு ‘அழகி’க்கான சொல்லும் ‘அழகற்றவள்’ என்பதற்கான சொல்லும் அடுத்தடுத்து வருகின்றன. தெருவில் அடிபட்டுச் செத்த நாய்கள், காவல் நிற்கும் போலீஸ், வெயில் பட்டு ரத்தம் வடிக்கும் பழங்கள். லிந்தோநேயா காணாமல் போய்விட்டாள். காணாமல் போனவள் என்ற அந்தச் சொல் பிரேசிலில் அடுத்த சில வருடங்களில் எப்படிக் கனத்துப்போனது என்று எண்ணிப் பாருங்கள். ராணுவ ஆட்சியில் கொல்லப்பட்டவர்களும் காணாமல் போனவர்களும் 434 பேர் என்று 2014இல் உண்மை ஆணையம் பெயர் பெயராகப் பட்டியல் கொடுத்தது.

நேரடியாக ராணுவத்தைத் தொடும் பாட்டு கேட்டால், ‘ஓநாய் வராத நேரத்தில்’ என்ற பொருள்படும் கயெட்டானோ பாட்டைச் சொல்வேன். பிரேசில் குழந்தைகளின் விளையாட்டுப் பாட்டு ஒன்று, ஓநாய் வருவதற்குள் காட்டில் உலாவப் போவோம் என்று வரும். கயெட்டானோ அதை எடுத்து, வா ஒளிந்து ஒளிந்து உலாவப் போவோம் என்று காதலியைக் கூப்பிடுகிறார். எங்கே? மாங்கேரா சம்பாப் பள்ளி என்ற கார்னிவல் ஆட்டக்குழு அணிவகுத்துப் போகும் வீதியில், பிரசிடென்ட் வார்காஸ் அவென்யூவுக்கு அடியில். ரியோவின் அந்தப் பெரிய சாலையில் கார்னிவல் ஊர்வலமும் போகும், ராணுவ அணிவகுப்பும் போகும். அந்தப் பெயருக்குரிய ஜெட்டூலியோ வார்காஸ் ஒருகாலத்தில் சர்வாதிகாரியாக ஆண்டவர். குண்டுகளுக்கு அடியில், கொடிகளுக்கு அடியில், பூட்ஸ்களுக்கு அடியில், ரோஜாக்களுக்கு அடியில், சேற்றுக்கு அடியில், கட்டிலுக்கு அடியில் என்று பாட்டு இறங்கிக்கொண்டே போகிறது. பின்னணியில் ஒரு பெண்குரல் ராணுவ பேண்டின் எக்காளத்தைப் பற்றித் திரும்பத் திரும்பப் பாடுகிறது; அது டோரிவால் காய்மியின் பழைய பாட்டிலிருந்து எடுத்த துண்டு. அப்புறம் டுப்ராட் செய்த காரியம்: இசைக்கோர்ப்பில் உலகத் தொழிலாளர்களின் ‘சர்வதேச கீத’ மெட்டை நைசாக நுழைத்துவிட்டார். சொல்லில்லாமல், வாத்தியத்தில் மட்டும். வரிகளை எத்தனை முறை படித்தாலும் இது கண்ணில் படாது.

எல்லாப் பாட்டையும் இப்படிப் பிரித்தால் முடியாது. ‘கொராசாவ் மத்தேர்னோ’வை மட்டும் விட மனமில்லை. காதலி கேட்டாள் என்று தாயின் இதயத்தை அறுத்து எடுத்துக்கொண்டு ஓடுகிறவன் தடுக்கி விழ, “அடிபட்டதா மகனே?” என்று அந்த இதயம் கேட்கும் கதை. நம் மேடைப் பேச்சுகளில் நீங்களும் கேட்டிருப்பீர்கள். பிரேசிலில் இதை 1930களில் விசென்டே செலஸ்டினோ என்ற பாடகர் கண்ணீர்ப் பாட்டாகப் பாடிப் புகழ்பெற்றார். படித்தவர்கள் அதை மட்டமான ரசனை என்று ஒதுக்கினார்கள். கயெட்டானோ கேலியே செய்யாமல், சிம்பொனி வயலின்கள் சூழ அதை முழு பக்தியோடு பாடினார். எளிய மக்கள் அழுத பாட்டுக்கும் நவீன இசைத்தட்டில் இடம் உண்டு என்பது அவர் நிலை. மக்கள் பெயரைச் சொல்லிக்கொண்டே மக்கள் ரசனையைப் பார்த்து முகம் சுளித்த இடதுசாரி மாணவர்களுக்கு இது பொறுக்கவில்லை.

அந்த ஜூனில் சாவோ பாவ்லோ பல்கலைக்கழகக் கட்டடக்கலை மாணவர்கள் இவர்களை ஒரு விவாதத்துக்கு அழைத்துக் கூச்சல் போட்டு வாழைப்பழம் வீசினார்கள். செப்டம்பரில் ஒரு பாட்டு விழாவில் கயெட்டானோவும் முட்டாந்திஸும் மேடையேறியபோது அரங்கமே ஊளையிட்டது. கயெட்டானோ பாட்டை நிறுத்திவிட்டு, அதிகாரத்தைப் பிடிக்கப் போகிற இளைஞர்கள் நீங்கள்தானா என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார். இடதுக்கும் வலதுக்கும் ஒரே நேரத்தில் ஆகாதவர்களாக நின்றார்கள்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. ஆல்பத்துக்காக மட்டும் அவர்களைப் பிடிக்கவில்லை. அக்டோபரில் ரியோவின் சுகாட்டா என்ற இரவு விடுதியில் நிகழ்ச்சி நடத்தியபோது, ஓய்டிசிக்கா செய்த கொடி ஒன்று மேடையில் தொங்கியது. செத்துக்கிடக்கும் ஒருவனின் உருவம், கீழே “ஒதுக்கப்பட்டவனாக இரு, வீரனாக இரு” என்ற வாசகம். நிகழ்ச்சியை நிறுத்தினார்கள். அங்கே தேசிய கீதத்தைக் கேலியாகப் பாடினார்கள் என்று ஒரு பொய்யும் பரவியது. டிசம்பர் 13 அன்று அரசு ‘ஐந்தாம் நிறுவனச் சட்டம்’ என்ற ஆணையைப் போட்டது. நாடாளுமன்றம் மூடப்பட்டது, அரசியல் வழக்குகளில் ஆட்கொணர்வு மனு உரிமை போனது. இனி யாரையும் காரணம் சொல்லாமல் தூக்கலாம். இரண்டே வாரத்தில், டிசம்பர் 27 அன்று, கயெட்டானோவையும் ஜிலையும் சாவோ பாவ்லோவில் வீட்டிலிருந்து கூட்டிப்போய் ரியோ ராணுவச் சிறைகளில் அடைத்தார்கள். தலையை மழித்தார்கள். 1969 பிப்ரவரியில் விட்டபோதும் பாஹியாவின் சால்வடோர் நகரைத் தாண்டக் கூடாது, தினமும் போலீஸில் ஆஜராக வேண்டும் என்று கட்டுப்பாடு. ஜூலையில், மனிதன் நிலவில் கால் வைத்த அதே நாட்களில், சால்வடோரின் காஸ்ட்ரோ ஆல்வெஸ் அரங்கில் இரண்டு நாள் பாடிப் பயணச் செலவுக்குப் பணம் சேர்த்துக்கொண்டு லண்டனுக்குப் போனார்கள். 1972இல்தான் நிரந்தரமாக ஊர் திரும்ப முடிந்தது. அந்த வருடம் நவம்பரில் டோர்குவாட்டோ நெட்டோ தன் உயிரை மாய்த்துக்கொண்டார். 28 வயது. ஜில் 2003இல் அதே நாட்டின் கலாச்சார அமைச்சரானார்.

என் கணிப்பில், ராணுவத்துக்கு இவர்களின் எந்த வரி ஆபத்து என்று சொல்லத் தெரியவில்லை, அதுதான் அவர்களைப் பயமுறுத்தியது. முழக்கம் என்றால் தடைசெய்யலாம். நீளமுடி வைத்துக்கொண்டு, தேவாலய ஆர்கனையும் மின்கிட்டாரையும் ஒன்றாக்கி, எழுத்துக்கூட்டலில் துப்பாக்கியை வைப்பவர்களை எந்தச் சட்டப்பிரிவில் அடைப்பது?

மறுபடி கேட்கும்போது பாட்டு பாட்டாகப் பிரித்துக் கேட்காதீர்கள். பாட்டுக்குப் பாட்டு இடைவெளி விடாமல் ஒரே நீண்ட படைப்பாகத்தான் கோத்திருக்கிறார்கள். கடைசிப் பாட்டு பாஹியா மக்களின் ‘போன்ஃபிம் ஆண்டவர் கீதம்’. பாஹியா விடுதலையின் நூற்றாண்டுக்காக 1923இல் எழுதப்பட்ட பக்திப் பாட்டு. கயெட்டானோ, ஜில், கால் கோஸ்டா, முட்டாந்திஸ் எல்லோரும் சேர்ந்து, திருவிழாக் கூட்டம்போல் பாடுகிறார்கள். அது முடிகிற இடத்தில் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். கூட்டுப்பாட்டு அடங்கியதும், முதல் பாட்டின் முடிவில் கேட்ட பீரங்கி மறுபடி வெடிக்கும். இந்தத் தடவை கூடவே மனிதர்கள் முனகுவதும் கேட்கும்.